மனச்சான்றின் காவலர்

நுழையும்முன்

தம் கருத்தோடு ஒத்துப்போகின்றவர்க்கு உரிமை வழங்குவது எளிது. தம் கருத்தை முற்றிலும் மறுப்பவர்க்கும் அதே உரிமையை வழங்குவது அரிது. சமயத்தின் பெயரால் மனிதர் ஒறுக்கப்பட்ட பதினேழாம் நூற்றாண்டு அமெரிக்கக் குடியேற்றங்களில் அந்த அரிய செயலைச் செய்துகாட்டியவர் ரோஜர் வில்லியம்ஸ். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ரோஜர் வில்லியம்ஸ் ஏறத்தாழ 1603ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே சுருக்கெழுத்தில் தேர்ந்திருந்த அவர், புகழ்பெற்ற சட்ட அறிஞரான எட்வர்டு கோக்கின் கவனத்தை ஈர்த்தார். அவரது ஆதரவோடு கல்வி பயின்று, 1627இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் அரசரே திருச்சபைக்கும் தலைவராக விளங்கினார். அச்சபையின் சடங்குகளைக் களைந்து அதனைத் தூய்மைப்படுத்த விரும்பியோர் பியூரிட்டன்கள் எனப்பட்டனர். அவர்களுள் பலர் கடல்கடந்து அமெரிக்காவின் கீழைக் கரையில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை நிறுவினர். வில்லியம்ஸும் அவர்தம் மனைவி மேரியும் 1630 டிசம்பரில் கப்பலேறி, 1631 பிப்ரவரியில் அங்குச் சென்றடைந்தனர்.

எதிர்க்குரல்

தம் நம்பிக்கையின்படி வழிபடவே பியூரிட்டன்கள் தாய்நாட்டைத் துறந்தனர். ஆயினும் தாம் நாடிய உரிமையைப் பிறர்க்கு வழங்க அவர்கள் முன்வரவில்லை. திருச்சபையின் உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. வழிபாட்டிற்கு வாராதோர் தண்டனைக்கு உள்ளாயினர். சமயக் குற்றங்களையும் அரசின் நடுவர்களே விசாரித்தனர்.

பாஸ்டன் திருச்சபை தனக்கு அளிக்க முன்வந்த உயர்பதவியை வில்லியம்ஸ் ஏற்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையோடு அது உறவை முறித்துக்கொள்ளவில்லை என்பதே அவர் கூறிய காரணம். சமயத் தூய்மையில் அவர் மற்றவர்களைக் காட்டிலும் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பிலிருந்தே அவரது புதிய சிந்தனை பிறந்தது. அச்சத்தால் செய்யப்படும் வழிபாடு உண்மையான வழிபாடு ஆகாது. எனவே இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலான செய்திகளில் அரசு தலையிடலாகாது என அவர் வலியுறுத்தினார்.

மற்றொரு கருத்தும் ஆட்சியாளரைச் சினங்கொள்ளச் செய்தது. மண்ணின் மக்களுக்குரிய நிலத்தை எங்கோ இருக்கும் இங்கிலாந்து அரசர் எவருக்கும் பட்டயம் எழுதித் தர இயலாது. அம்மக்களிடமிருந்தே முறையாகப் பெறவேண்டும் என்றார் அவர். குடியேற்றத்தின் அடித்தளத்தையே இக்கருத்து அசைத்தது.

பனியில் ஒரு பயணம்

1635 அக்டோபரில் மாசசூசெட்ஸின் பொதுமன்றம் வில்லியம்ஸை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. குளிர்காலம் முடியும்வரை தங்கியிருக்க இசைவு கிடைத்தபோதும், தம் இல்லம் தேடி வந்தோரிடம் அவர் தொடர்ந்து தம் கருத்துகளை எடுத்துரைத்தார். அவரைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற அதிகாரிகள் முடிவு செய்தனர். அவரது கருத்துகளை ஏற்காத ஜான் வின்த்ரோப் என்னும் தலைவரே, நட்பின் காரணமாக அவரை மறைவாக எச்சரித்தார்.

1636 ஜனவரியின் கடும்பனியில், மனைவியையும் இரு சிறு பெண்மக்களையும் பிரிந்து, வில்லியம்ஸ் காட்டுவழியே வெளியேறினார். காவலர்கள் வந்தபோது அவர் வீட்டைவிட்டுச் சென்று மூன்று நாள்கள் ஆகியிருந்தன. ஏறத்தாழ பதினான்கு வாரங்கள் உணவுக்கும் உறைவிடத்திற்கும் அலைந்த அவருக்கு அடைக்கலம் தந்தோர் வாம்பனோக் பழங்குடியினர். அவர்களோடு முன்பே பழகி அவர்தம் மொழியைக் கற்றிருந்தமை அவ்வேளையில் அவருக்குத் துணைநின்றது.

பிராவிடன்ஸ் நகரம்

அவ்வாண்டிலேயே நரகான்செட் மக்களின் தலைவர்களான கனோனிகஸ், மியாண்டோனோமி ஆகியோரிடம் நிலம்பெற்றுப் புதிய ஊர் ஒன்றை அமைத்தார். இறைவனின் அருட்காவல் எனப் பொருள்படும் பிராவிடன்ஸ் என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். அங்குப் பெரும்பான்மையோரின் முடிவு குடிமைச் செய்திகளில் மட்டுமே செல்லும். சமயச் செய்திகளில் செல்லாது என்பது ஊரார் கைச்சாத்திட்ட உடன்படிக்கை.

1638இல் அவ்வுடன்படிக்கை நடைமுறையில் சோதிக்கப்பட்டது. தம் மனைவி வழிபாட்டுக் கூட்டத்திற்குச் செல்லக்கூடாதென ஒருவர் தடுத்தார். ஊரார் கூடி, பிறர் மனச்சான்றின் உரிமையைத் தடுத்த குற்றத்திற்காக அவரது வாக்குரிமையைப் பறித்தனர். கணவன் சொல்லே சட்டமெனக் கருதப்பட்ட அக்காலத்தில், மனைவிக்கும் தனக்கெனச் சொந்த மனச்சான்று உண்டு என அவ்வூர் ஏற்றுக்கொண்டது.

நூலும் பட்டயமும்

சுற்றியிருந்த குடியேற்றங்கள் பகைமை காட்டியதால், சட்டப் பாதுகாப்பு நாடி வில்லியம்ஸ் 1643இல் இங்கிலாந்து சென்றார். நரகான்செட் மொழிக்கு அவர் இயற்றிய கையேடு அவ்வாண்டில் இலண்டனில் வெளிவந்தது. வாழ்த்து, உணவு, குடும்பம் எனத் தலைப்புவாரியாக அமைந்த அந்நூல் அம்மக்களின் விருந்தோம்பலைப் போற்றியது.

1644 மார்ச்சில் தம் குடியேற்றத்திற்கான பட்டயத்தை நாடாளுமன்றத்தின் வாயிலாகப் பெற்றார். அதே ஆண்டில், சமய ஒறுப்பைக் கண்டித்து அவர் எழுதிய நூலை எரிக்குமாறு அந்நாடாளுமன்றமே ஆணையிட்டது.

கொள்கைக்கு வந்த சோதனை

உரிமைக்கு எல்லை உண்டா என்னும் வினா பிராவிடன்ஸிலும் எழுந்தது. 1655இல் ஊராருக்கு வரைந்த மடலில் வில்லியம்ஸ் ஒரு கப்பலை உவமையாக்கினார். பல சமயத்தவர் பயணம் செய்யும் கப்பலில் எவரையும் வழிபாட்டிற்கு வற்புறுத்தலாகாது. அவரவர் வழிபாட்டைத் தடுக்கவும் ஆகாது. ஆனால் கப்பலின் போக்கையும் அமைதியையும் காப்பது தலைவனின் கடமை. அதற்கு அனைவரும் அடங்கவேண்டும் என அவர் விளக்கினார்.

1656 முதல் குவேக்கர் எனப்படும் புதிய சமயப் பிரிவினர் அமெரிக்காவுக்கு வந்தனர். மாசசூசெட்ஸ் அவர்களைச் சவுக்காலடித்தது; காதுகளை அறுத்தது; 1659 முதல் 1661 வரை நால்வரைத் தூக்கிலிட்டது. அவர்களை விரட்டுமாறு அண்டைக் குடியேற்றங்கள் வற்புறுத்தியபோதும் பிராவிடன்ஸை உள்ளடக்கிய ரோட் தீவுக் குடியேற்றம் மறுத்துவிட்டது.

குவேக்கர்களின் கொள்கை வில்லியம்ஸுக்குச் சற்றும் உடன்பாடில்லை. 1672இல், எழுபதை நெருங்கிய அகவையில், ஏறத்தாழ 30 மைல் தொலைவு படகு வலித்து நியூபோர்ட் சென்று அவர்களோடு வாதிட்டார். பின்னர் அவர்களைச் சாடி நூலும் எழுதினார். எனினும் அவர்களது நம்பிக்கைக்காக அவர்களைத் தண்டிக்கவேண்டும் என அவர் கோரவில்லை. நாவாலும் எழுத்தாலும் எதிர்த்தவர்களுக்குத் தம் மண்ணில் வாழும் உரிமையை விட்டுவைத்தார். அவரது கொள்கையின் உண்மை வெளிப்பட்ட இடம் இதுவே.

இறுதிக்காலம்

1675இல் குடியேறியோருக்கும் பழங்குடியினருக்கும் இடையே பெரும்போர் மூண்டது. 1676 மார்ச்சில் பிராவிடன்ஸ் தீக்கிரையானது; வில்லியம்ஸின் வீடும் எரிந்தது. போரின் முடிவில் சிறைப்பட்ட பழங்குடியினரைப் பணியாளராக விற்க ஊரார் முடிவெடுத்தபோது, அதனை வகுத்த குழுவில் வில்லியம்ஸும் இடம்பெற்றார். அம்மக்களின் நிலவுரிமைக்காகக் குரல்கொடுத்தவரின் வாழ்வில் இது நீங்காத கறை.

1683இல் அவர் மறைந்தார். 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ரோட் தீவுக்கு அளித்த பட்டயம் சமய உரிமையை உறுதி செய்திருந்தது. யூதர்களும் நியூபோர்ட்டில் குடியேறி வாழ்ந்தனர். சமயத்தை நிறுவும் சட்டத்தை இயற்றலாகாது என்னும் திருத்தம் 1791இல் அமெரிக்க அரசமைப்பில் இடம்பெற்றது. வில்லியம்ஸை நாடுகடத்திய ஆணையை மாசசூசெட்ஸ் 1936இல் விலக்கிக்கொண்டது. பனிக்காட்டில் அவர் தனித்து நடந்து அப்போது முந்நூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. தம் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் நம்பிக்கைக்கும் இடமளிக்க முடியும் என்பதே அவரது வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.