நடையில் பிறந்த கவிதை

இங்கிலாந்தின் பெரும் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். 1770-ல் பிறந்தவர். 13 வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்திருந்தார். தங்கை டாரதி வேறு ஊரில் உறவினரிடம் வளர்ந்தாள்.

பெரியவர்கள் ஆனதும் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். 1799-ல் கிராஸ்மியர் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் சிறிய வீட்டில் குடியேறினார்கள்.

மலை, வயல் என்று மைல் கணக்கில் நடப்பார்கள். நடக்கும்போதே அண்ணனுக்குக் கவிதை ஊறும். வாய்விட்டுச் சொல்வார். வீட்டுப் பெண்கள் எழுதிக்கொள்வார்கள்.

1802 ஏப்ரல் 15. உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்தார்கள். பலத்த காற்று. கரை நெடுக மஞ்சள் டாபடில் பூக்கள் ஆடின. டாரதி அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். 1807-ல் அந்தக் காட்சி அண்ணனின் கவிதையாக அச்சில் வந்தது. உலகப் புகழ் பெற்றது.

பிற்காலத்தில் டாரதி நோயில் விழுந்தாள். நடை நின்றது. 1843-ல் அரசவைக் கவிஞர் ஆன அண்ணன், 1850-ல் தாம் இறக்கும் வரை அவளைத் தம் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார்.