படைக்கலம் அறிந்த ஹைதர் அலி

நுழையும்முன்

மாணவர்களே! திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நம் வடமாலபேட்டை அமைந்துள்ளது. இங்கிருந்து புத்தூர், நகரி வழியாகத் தெற்கே சென்றால் சோளிங்கரையும், தென்மேற்கே சென்றால் சித்தூரையும் அடையலாம். இவ்விரண்டு ஊர்களும் ஒரு பெருவீரரின் இறுதிக் காலத்தோடு தொடர்புடையவை. 1781ஆம் ஆண்டு சோளிங்கரில் நடந்த போரில் அவர் தோல்வியுற்றார். அடுத்த ஆண்டு சித்தூருக்கு அருகிலேயே உயிர் நீத்தார். அவரே மைசூரை ஆண்ட ஹைதர் அலி. எழுதப் படிக்க அறியாத அவர், தம் காலத்துப் படைக்கலங்களின் இயல்பை நுட்பமாக அறிந்திருந்தார். அந்த அறிவு அவரை எவ்வாறு உயர்த்தியது என்பதையும், அதற்காக மக்கள் கொடுத்த விலையையும் இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஹைதர் அலி 1720ஆம் ஆண்டையொட்டி, இன்றைய கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்திலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்தார். அவருடைய தந்தையார் பத்தே முகமது, ஆர்க்காட்டு நவாபின் படையில் ஐம்பது வாணவீரர்களுக்குத் தலைவராகப் பணியாற்றியவர். வாணம் என்றதும் தீபாவளி நாளில் வானில் சீறிச் செல்லும் வெடி நம் நினைவுக்கு வரும். அக்காலப் படைகளில் மூங்கில் குழாயில் மருந்தடைத்த வாணங்களைப் பெரும்பாலும் அடையாளம் காட்டவும் குதிரைகளை மிரட்டவும் பயன்படுத்தினர். தந்தையார் போரில் மடிந்தபோது ஹைதர் சிறுவராக இருந்தார். வறுமையில் வளர்ந்த அவருக்குப் பள்ளிக் கல்வி கிட்டவில்லை. ஆயினும், கண்டதையும் கேட்டதையும் மறவாத நினைவாற்றல் அவருக்கு வாய்த்திருந்தது.

மைசூர்ப் படையில் சேர்ந்த ஹைதர், 1749ஆம் ஆண்டு தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் காட்டிய துணிவால் மேலோரின் கவனத்தைப் பெற்றார். மறு ஆண்டு செஞ்சிக்கு அருகில் ஐதராபாத் நிசாம் நாசிர் சங் கொல்லப்பட்டார். அப்போது எழுந்த குழப்பத்தில் ஹைதரின் ஆட்கள் பொன்னையும் குதிரைகளையும் மட்டுமன்றி, நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளையும் கைப்பற்றினர். கிடைத்த துப்பாக்கிகளைத் தம் வீரர்களின் கைகளில் கொடுத்துப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார் ஹைதர்.

அக்காலத் துப்பாக்கிகள்

ஹைதரின் சிந்தனையை விளங்கிக்கொள்ள, அக்காலப் படைக்கலங்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து வந்தது. தெலுங்கில் அதனையே துபாகி என்பர். பீரங்கி என்னும் சொல்லோ ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்ற சொல்லோடு உறவுடையது. படைக்கலம் வந்த வழியை இவ்வாறு சொற்களும் காட்டுகின்றன.

பழைய துப்பாக்கி திரியால் இயங்கியது. மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரி, விசையை இழுத்ததும் மருந்தைத் தொட்டு எரியச் செய்யும். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். இரவில் அதன் கனல் வீரர் இருக்கும் இடத்தைப் பகைவருக்குக் காட்டிக் கொடுக்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த புதிய துப்பாக்கியில் திரிக்குப் பதிலாகச் சக்கிமுக்கிக் கல் இருந்தது. கல் எஃகின்மீது உரசித் தீப்பொறி எழுப்பும். அதன் முனையில் கூரிய கத்தியையும் பொருத்தலாம்.

அக்காலத் தோட்டா இன்று போல் பித்தளையால் ஆனதன்று. ஒரு சுடுதலுக்கு வேண்டிய மருந்தையும் ஈயக் குண்டையும் சேர்த்துச் சுற்றிய தாள் பொட்டலமே அது. வீரர் அதனைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுட வேண்டும். நன்கு பயின்றவர் ஒரு நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவார். நூறு கஜத்திற்கு அப்பால் குறி பெரும்பாலும் தவறும். ஆகவே, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் ஒழுங்கே வெற்றியைத் தந்தது.

வெடிமருந்து மூன்று பொருள்களின் கலவை. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். உப்புமண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். எனவே, ஒரு படையின் வலிமை போர்க்களத்தில் மட்டும் இல்லை. உப்புக் காய்ச்சுபவர், இரும்பு உருக்குபவர், கருமார், தச்சர், வண்டி இழுக்கும் காளை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே படை. இவ்வுண்மையை ஹைதர் தெளிவாக உணர்ந்தார்.

திண்டுக்கல்லில் ஒரு பட்டறை

1750களில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிரே நின்றனர். அங்கே மைசூர்ப் படையில் இருந்த ஹைதர், எண்ணிக்கையில் சிறிய ஐரோப்பியப் படைகள் பெரும்படைகளை எவ்வாறு தடுத்து நிறுத்தின என்பதை நேரில் கண்டார். 1755ஆம் ஆண்டில் திண்டுக்கல்லின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும், அவர் செய்த முதன்மையான பணிகளுள் ஒன்று படைக்கலப் பட்டறை அமைத்தது. பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து, பீரங்கிகளைச் செப்பனிடவும் மருந்து கலக்கவும் ஏற்பாடு செய்தார். பிறரிடம் வாங்கிய படைக்கலம், அவர் கொடுக்க மறுக்கும் நாளில் பயன்படாது. தாமே செய்யக் கற்றதே நிலைக்கும் என்பது அவருடைய கொள்கை எனலாம்.

1761ஆம் ஆண்டில் மைசூர் ஆட்சி முழுவதும் அவர் கைக்கு வந்தது. உடையார் மரபினர் பெயரளவில் அரசராக நீடித்தனர். 1763இல் பெத்னூரை வென்று, அதற்கு ஹைதர் நகர் எனத் தம் பெயரிட்டு, அங்கும் படைக்கலச் சாலையை நிறுவினார். பீரங்கிகளை விரைந்து இழுத்துச் செல்ல மைசூர் நாட்டுக் காளைகளைப் பெருக்கினார். பிற்காலத்தில் அமிர்தமகால் எனப் பெயர் பெற்ற காளையினம் அதுவே.

இரும்பு வாணம்

தந்தையாரின் படைக்கலமான வாணத்தையும் ஹைதர் மறக்கவில்லை. மூங்கில் குழாய்க்கும் தாள் குழாய்க்கும் ஒரு குறை உண்டு. மருந்தை மிகுதியாக இறுக்கி அடைத்தால் எரியும் காற்றின் அழுத்தம் தாங்காமல் குழாயே வெடித்துவிடும். ஐரோப்பியரின் வாணங்களும் அப்போது தாள் குழாயில்தான் இருந்தன. மைசூரார் இரும்புக் குழாயைப் பயன்படுத்தினர். குழாய் அழுத்தத்தைத் தாங்கியதால் மிகுந்த மருந்தை அடைக்க முடிந்தது. வாணமும் நெடுந்தொலைவு பாய்ந்தது. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள குழாயை நீண்ட மூங்கில் கழியில் கட்டி ஏவினர். சில வாணங்களில் கழிக்குப் பதிலாக வாளின் அலகைக் கட்டினர். அவை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் சென்று விழுந்தன. குறி தப்பினாலும், நெருக்கமாக நிற்கும் வரிசையைக் கலைக்கவும், குதிரைகளையும் காளைகளையும் வெருட்டி ஓடச் செய்யவும் அவை போதுமானவையாக இருந்தன.

பொள்ளிலூர்ப் போர்

முதல் மைசூர்ப் போரின் முடிவில், 1769ஆம் ஆண்டு ஹைதர் சென்னைப் பட்டணத்தின் வாயிலுக்கே வந்து நின்றார். அஞ்சிய ஆங்கிலேயர், பகைவர் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவதாக உடன்படிக்கை செய்தனர். ஆனால், மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது அவர்கள் உதவ முன்வரவில்லை. 1779இல் மாஹே துறைமுகத்தையும் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஹைதருக்குப் படைக்கலங்கள் வந்த வாயில் அதுவே. அவ்வாயில் அடைபட்டது போருக்கு உடனடிக் காரணமாயிற்று.

1780 ஜூலையில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் கொண்ட படையுடன் ஹைதர் செங்கம் கணவாய் வழியே ஆர்க்காட்டு நாட்டில் இறங்கினார். குண்டூரிலிருந்து ஓர் ஆங்கிலப் படை கர்னல் பெய்லியின் தலைமையில் காஞ்சிபுரத்தை நோக்கி வந்தது. ஆகஸ்டு இறுதியில் அது கொசத்தலை ஆற்றின் வடகரையை அடைந்தது. நம் பகுதி மலைகளில் பிறந்து வரும் நகரி ஆறு சென்று கலக்கும் ஆறு அது. பெய்லி அன்றே ஆற்றைக் கடக்காமல் கரையில் தங்கினார். இரவில் வெள்ளம் பெருக்கெடுத்தது. ஏறத்தாழப் பத்து நாள்கள் அவரால் அக்கரை சேர இயலவில்லை. அதற்குள் ஹைதரின் மகன் திப்பு வழியை மறித்துவிட்டார்.

செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் பெய்லியின் படை நாற்புறமும் சூழப்பட்டது. பீரங்கிக் குண்டுகளும் வாணங்களும் பொழிந்துகொண்டிருந்த வேளையில், ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மருந்து போனபின் துப்பாக்கிகள் வெறும் தடிகளாயின. பெய்லி சிறைப்பட்டார். சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோ, தம் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். சீரங்கப்பட்டணத்தில் உள்ள திப்புவின் கோடை மாளிகைச் சுவரில், வெடிமருந்து வண்டி வெடிக்கும் அக்காட்சி ஓவியமாக இன்றும் உள்ளது.

இறுதிக் காலம்

வெற்றி நீடிக்கவில்லை. மேலைக் கடற்கரையில் இருந்த ஹைதரின் கப்பல்களை ஆங்கிலேயர் 1780 இறுதியில் அழித்தனர். 1781இல் பரங்கிப்பேட்டையிலும், பின்னர் சோளிங்கரிலும் தளபதி கூட் ஹைதரை வென்றார். ஆயினும், உணவும் காளைகளும் போதாமையால் கூட்டினால் அவ்வெற்றிகளை முழுமையாக்க இயலவில்லை. ஹைதருக்குக் கடலாற்றல் இல்லை; ஆங்கிலேயருக்குப் போக்குவரத்து இல்லை. போர் முடிவின்றி நீண்டது.

இடையில் நசுங்கியவர்கள் சிற்றூர் மக்கள். பகைவருக்கு உணவு கிடைக்கக் கூடாது என்று வயல்களும் ஊர்களும் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் தேடிச் சென்னைக்கு ஓடினர். அங்கே பஞ்சம் சூழ்ந்தது. பசித்தோருக்குக் கஞ்சி வார்க்க 1782இல் தோன்றிய மணியக்காரர் சத்திரமே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. அதனைக் கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்று முதியோர் அழைப்பதற்குக் காரணம் இதுவே. படைக்கலத்தின் ஆற்றலை நன்கறிந்த ஹைதரின் வரலாற்றில் இப்பக்கத்தையும் மறைக்காமல் படித்தல் வேண்டும்.

முதுகில் எழுந்த கொடிய கட்டியால் நோயுற்ற ஹைதர், 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் காலமானார். திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தார். செய்தி பரவினால் படை கலையும் என்று அமைச்சர் பூர்ணய்யா முதலியோர் இறப்பை மறைத்து வைத்தனர். உடல் பேழையில் வைத்துக் கோலாருக்கு அனுப்பப்பட்டு, பின்னர்ச் சீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

கடல் கடந்த அறிவு

திப்பு வாணப்படையை மேலும் பெருக்கினார். 1799இல் அவர் வீழ்ந்தபின், மைசூர் வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து வில்லியம் காங்கிரீவ் என்பவர் புதிய வாணங்களை உருவாக்கினார். அவை 1807இல் கோபன்ஹேகன் நகரையும், 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டையையும் தாக்கின. ஹைதர் நகர் என்று பெயர் பெற்றிருந்த நகராவில், 2018ஆம் ஆண்டு ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணங்கள் துருவேறிய நிலையில் கிடைத்தன.

முடிவுரை

ஹைதர் செங்கம் கணவாயில் இறங்கிய 1780 ஜூலைக்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1980 ஜூலை 18ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். ஸ்ரீஹரிகோட்டா இன்று நம் திருப்பதி மாவட்டத்திலேயே உள்ளது. பின்னோக்கிப் பாயும் காற்று கலத்தை முன்னோக்கித் தள்ளும் என்ற அதே இயற்கை விதிதான் இரும்பு வாணத்தையும் ஏவுகலத்தையும் இயக்குகிறது. ஒன்று வயலை எரித்தது. மற்றொன்று வானிலை அறியவும் தொலைத்தொடர்புக்கும் உதவும் செயற்கைக்கோள்களுக்கு வழி திறந்தது. பிறரிடம் வாங்குவதைவிடத் தாமே செய்யக் கற்பது மேல் என்பதை ஹைதரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. கற்றதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை நாம்தாம் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி

1. திரித் துப்பாக்கிக்கும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. மூங்கில் குழாயைவிட இரும்புக் குழாய் வாணத்திற்கு ஏற்றதாக அமைந்தது ஏன்?
3. பெய்லியின் தோல்விக்குக் கொசத்தலை ஆறு எவ்வாறு காரணமாயிற்று?
4. கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்னும் பெயர் வந்த வரலாற்றை ஐந்து வரிகளில் எழுதுக.
5. துப்பாக்கி, பீரங்கி, தோட்டா ஆகிய சொற்களுக்கு இணையான தெலுங்குச் சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி, ஒலிப்பில் உள்ள ஒற்றுமையைக் காண்க.