ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியலாளரும் ஆவார். வானொலி அலை ஆய்வுகளால் புகழ்பெற்ற இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தாவரங்களில் மின் குறிப்புகள் கடத்தப்படுவதை ஆராய்வதில் செலவிட்டார்.

வாழ்க்கை

இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு கேம்பிரிட்ச்சில் இயற்கை அறிவியல் கற்றார். 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியம் தரப்பட்டதால், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலேயே கற்பித்தார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

தாவர ஆய்வுகள்

விலங்குகளின் நரம்புக்கலத்திற்கு நீண்ட இழை ஒன்று உண்டு. தூண்டப்படும்போது சோடியம் அயனிகள் கலமென்சவ்வின் வழியே உட்புகுவதால் எழும் மின் துடிப்பு அவ்விழை நெடுகப் பரவும். தாவரங்களில் இத்தகைய கலங்கள் இல்லை. ஆயினும் தொட்டாற்சுருங்கியின் ஒரு முனையைத் தூண்டினால் தொலைவிலுள்ள இலைக்காம்பும் தாழ்கிறது. இதற்கு நீரழுத்த மாற்றமே காரணம் என அந்நாளில் பலர் கருதினர். போஸ், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் பதியவல்ல கருவியைத் தாமே வடிவமைத்துக் குறிப்பின் வேகத்தை அளந்தார். இலைக்காம்பின் ஒரு பகுதியைக் குளிர்வித்தபோது வேகம் குறைந்தது. மேலும் குளிர்வித்தபோது குறிப்பு நின்றது. நஞ்சிட்டபோதும் அவ்வாறே. வெறும் நீரழுத்தம் இப்படித் தடைபடாது. உரியத் திசுவே (புளோயம்) கடத்தும் பாதை என்றும் காட்டினார்.

எதிர்ப்பு

1901இல் இலண்டன் அரச கழகத்தில், சாதாரணத் தாவரங்களும் தூண்டலுக்கு மின் துலங்கல் காட்டுகின்றன என்று எடுத்துரைத்தார். மூத்த உடலியங்கியலாளர் பர்டன் சாண்டர்சன் இதனை ஏற்கவில்லை. 1873இல் பூச்சியுண்ணும் தாவரமொன்றில் மின் மாற்றத்தை அளந்தவரும் அவரே என்பது வியப்புக்குரியது. கட்டுரை அச்சேறாமல் கழகத்தின் காப்பகத்தை அடைந்தது. மறு ஆண்டு லின்னேயக் கழகம் இவரது ஆய்வை வெளியிட்டது. அரச கழகம் 1920இல் இவரை உறுப்பினராக்கியது.

மதிப்பீடு

தாவரங்களுக்கு 'நரம்பு' உண்டு என்று போஸ் கூறியது மிகை. உலோகங்களின் துலங்கலை உயிர்களின் துலங்கலோடு ஒப்பிட்டதும் ஏற்கப்படவில்லை. 1916இல் இத்தாலியரான ரிக்கா, காழ் வழியே செல்லும் வேதிப்பொருளே குறிப்பைக் கடத்துகிறது என்றார். இருவகைக் கடத்தலும் நிகழ்வதாகப் பின்னர் தெரியவந்தது. தாவர மின் துடிப்பில் சோடியத்திற்கு மாறாகக் கால்சியம் உட்புகுதலும் குளோரைடு வெளியேறுதலும் முக்கியப் பங்கு வகிக்கின்றன.

1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய இவர், கிரீடியில் காலமானார்.