கட்டச் சொன்னவரும் கட்ட மறுத்தவரும்: டொக்டர் வூ லியன் தேயின் வாழ்க்கை தரும் பாடம்

2020 ஒக்டோபர் பிற்பகுதியில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பகுதிகளுக்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்டபோது, நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய டிஸ்பென்சரியில் உதவியாளராக இருந்தேன். அதுவரை வெள்ளவத்தையிலிருந்து தினமும் போய்வந்தேன். முகக்கவசம் காதில் தொங்கும்; ஆனால் மூக்குக்குக் கீழேதான் இருக்கும். வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்று வெளியில் காரணம் சொல்வேன். உண்மையான காரணம் கோபம். நம் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னவர்கள்தானே இதையும் கட்டச் சொல்கிறார்கள் என்ற கோபம்.

ஊரடங்கில் வீட்டில் முடங்கியிருந்த அந்த நாட்களில்தான் டொக்டர் வூ லியன் தேயின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் 1879 மார்ச் 10ஆம் திகதி பினாங்கில் பிறந்தார். சூலியா தெருவும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் உள்ள, தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் அதே பினாங்கு. தந்தை சீனாவிலிருந்து குடியேறியவர். நம் செட்டியார் தெருவில் பார்ப்பது போல நகை செய்யும் தொழில். மகன் புலமைப்பரிசில் பெற்று 1896இல் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் படித்தார். ஊர் திரும்பியதும் அபின் பழக்கத்துக்கு எதிராக இயக்கம் நடத்தி, செல்வாக்கானவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். 1908இல் சீனாவின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பதவியேற்றார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் ஒரு கொள்ளைநோய் பரவியது. பிடித்தவர்கள் இரத்தம் கக்கி, ஓரிரு நாட்களில் இறந்தார்கள். அரசு வூவை அங்கே அனுப்பியது. அப்போது அவருக்கு 31 வயது. இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலைப் பரிசோதித்து, இது எலியும் தெள்ளும் பரப்பும் வழக்கமான பிளேக் அல்ல, நுரையீரலைத் தாக்கி மூச்சு வழியாக மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது என்ற முடிவுக்கு வந்தார். பருத்தித்துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டும் மலிவான முகக்கவசத்தை அறிமுகப்படுத்தினார். டொக்டர்கள், தாதியர், உடல் தூக்குபவர்கள், காவலில் நின்ற சிப்பாய்கள் எல்லோரும் அதைக் கட்டவேண்டும் என்றார். தானும் கட்டிக்கொண்டார்.

பலர் நம்பவில்லை. அவர்களில் முக்கியமானவர் மெஸ்னி என்ற பிரெஞ்சு டொக்டர். வூவைவிட மூத்தவர், பிளேக்கை முன்பே கண்டவர். ஓர் இளம் சீனர் தனக்குப் பாடம் சொல்வதா என்று சினந்து, வூவை அவமதித்துப் பேசினார். பின்னர் ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களிலேயே அதே நோயால் இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வீதியில் போனவர்கள்கூட மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார்கள்.

இதற்கு அடுத்த பகுதி எனக்குக் கடினமாக இருந்தது. நிலம் பனியில் உறைந்து குழி தோண்ட முடியாததால், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் திறந்த வெளியில் கிடந்தன. அவற்றை எரிக்க வேண்டும் என்று வூ கேட்டார். மூதாதையரைப் போற்றும் சீனர்களுக்கும் அது பெரிய புண்தான். அதை உணர்ந்தே பேரரசின் அனுமதியைப் பெற்று, 1911 ஜனவரி இறுதியில் அதைச் செய்தார். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் ஏறக்குறைய 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

நம் நாட்டில் நிலம் உறையவில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் எரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அது தளர்ந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அது அநியாயம். அதை எதிர்த்தது சரி. ஆனால் அந்தக் கோபத்தை நான் முகக்கவசத்தின் மீது காட்டியது சரியல்ல. மெஸ்னியின் கண்ணை மறைத்தது பெருமை, என் கண்ணை மறைத்தது கோபம். கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். என் மூச்சு போய்ச் சேர்ந்திருக்கக்கூடியது சட்டம் போட்டவர்களிடம் அல்ல, மருந்தெடுக்க வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்த ஏழை நோயாளிகளிடம்.

வூ பின்னர் சீனாவின் பிளேக் தடுப்புச் சேவையைக் கட்டியெழுப்பினார். 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண டொக்டராக நோயாளிகளைப் பார்த்தார். 1960 ஜனவரி 21ஆம் திகதி பினாங்கில் காலமானார்.

ஊரடங்கு தளர்ந்து மீண்டும் வேலைக்குப் போன அன்று மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு போனேன். கோபம் தீர்ந்துவிடவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

மையித்தைக் குளிப்பாட்டுபவர்கள், வார்டுகளில் துப்புரவு செய்பவர்கள், கொட்டாஞ்சேனையின் குப்பை அள்ளும் மாநகரசபைத் தொழிலாளர்கள் ஆகியோரே அடுத்த தொற்றிலும் முன்னால் நிற்கப்போகிறார்கள். கையுறையையும் முகக்கவசத்தையும் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. ஏன், எப்படி, எப்போது கழற்றுவது என்பதை அவர்கள் நம்பும் ஒருவர் பக்கத்தில் நின்று, தானும் அணிந்து காட்ட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் அதை இப்போதே தொடங்கலாம். நோய் வந்த பிறகு நம்பிக்கையைத் தேட நேரம் இருக்காது.