கடனைத் தீர்த்தார், சுங்கானை விடவில்லை!
உலகைச் சிரிக்க வைத்த மார்க் ட்வைன் வாழ்க்கை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் விளையும். மழை பொய்த்தால் கடன்தான் வளரும். கடன் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. மார்கழிக் குளிரில் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தால் கவலை மறக்கும் என்று நம்பிய பெரியவர்களும் உண்டு.

கடனையும் புகையையும் நன்றாக அறிந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர்தான் மார்க் ட்வைன். உலகத்தையே சிரிக்க வைத்த எழுத்தாளர்.

படகோட்டி

அவருடைய சொந்தப் பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். 1835-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கற்றார். பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டினார்.

அந்தப் படகுக்காரர்கள் கயிறு விட்டு ஆற்றின் ஆழத்தை அளப்பார்கள். இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் இருந்தால் படகு தடையின்றிப் போகும். அதைக் குறிக்கும் சொல்தான் மார்க் ட்வைன். 1863-ல் அதையே தம் புனைபெயராக வைத்துக்கொண்டார். "டாம் சாயர்", "ஹக்கிள்பரி ஃபின்" ஆகிய கதைகள் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன.

ஓயாத புகை

சிறு வயதிலேயே அவருக்குப் புகைப் பழக்கம் வந்துவிட்டது. ஒன்று சுருட்டு. இல்லாவிட்டால் சுங்கான். மக்காச்சோளக் கதிரில் மணிகளை உதிர்த்த பிறகு மிஞ்சும் சக்கையைக் குடைந்து செய்யும் சுங்கான் அவர் ஊர்ப் பக்கத்தில் பிரசித்தம். மலிவான அந்தச் சுங்கான் அவருக்கு மிகவும் பிடிக்கும். சுருட்டிலும் மலிவானதையே விரும்பினார்.

1870-ல் ஒலிவியா என்ற பெண்ணை மணந்தார். மனைவிக்காகப் புகையை விட்டார். ஓராண்டுக்கு மேல் தொடவில்லை. பிறகு ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். எழுத்து ஓடவில்லை. புகை இல்லாமல் எழுத வராது என்று முடிவு செய்து, மீண்டும் பற்ற வைத்தார். கோடைக்காலத்தில் அவர் எழுதுவதற்காக, மைத்துனி தம் பண்ணையில், வீட்டை விட்டுத் தள்ளி, எட்டுப் பக்கம் கொண்ட தனி அறை கட்டிக் கொடுத்தார். அந்த அறையில் புகை மண்டிக் கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை

மார்க் ட்வைன் சொந்தமாகப் புத்தக வெளியீட்டு நிலையம் நடத்தினார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிராண்டின் வாழ்க்கை நினைவுகளை அந்த நிலையம் வெளியிட்டது. கிராண்ட் ஓயாமல் சுருட்டுப் பிடித்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து வாடினார். வலியோடு போராடிப் புத்தகத்தை எழுதி முடித்து, சில நாட்களில் 1885 ஜூலையில் இறந்தார். இதை மார்க் ட்வைன் அருகில் இருந்து பார்த்தவர். ஆனாலும் அவர் சுங்கானைக் கீழே வைக்கவில்லை.

தலைக்கு மேல் கடன்

தானாக எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் அவர் லட்சக்கணக்கான டாலரைப் போட்டார். அந்த இயந்திரம் அடிக்கடி பழுதானது. பணம் போயிற்று. 1894-ல் வெளியீட்டு நிலையமும் முறிந்தது. சுமார் ஒரு லட்சம் டாலர் கடன் நின்றது.

சட்டப்படி முழுப் பணத்தையும் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் ஒரு காசு பாக்கி வைக்கக்கூடாது என்று கணவனும் மனைவியும் உறுதி கொண்டார்கள்.

1895 ஜூலையில், 59-வது வயதில், உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்யப் புறப்பட்டார். மனைவியும் மகள் கிளாராவும் உடன் சென்றார்கள். மற்ற இரண்டு மகள்கள் அமெரிக்காவிலேயே தங்கினார்கள்.

இந்தியாவில் குளிர்காலம்

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கொழும்பு வழியாக 1896 ஜனவரியில் பம்பாயில் இறங்கினார். இருமல் அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்ததும் மேடை ஏறினார். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கிடைத்த பணம் கடன்காரர்களுக்குப் போயிற்று.

காசி, கல்கத்தா, ஆக்ரா, லாகூர் என்று வடநாடு முழுவதும் சுற்றினார். காசியில் பாஸ்கரானந்த சுவாமிகளைக் கண்டு, தம் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். டார்ஜிலிங்கிலிருந்து தண்டவாளத்தில் ஓடும் சிறு தள்ளுவண்டியில் மலைச்சரிவில் இறங்கினார். தம் வாழ்வின் மிக இன்பமான நாட்களில் அதுவும் ஒன்று என்று கருதினார். மார்ச் இறுதியில் கல்கத்தாவில் கப்பல் ஏறி, சென்னையில் ஒரு நாள் தங்கிப் போனார்.

மகளின் மரணம்

பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது இடிபோல் தந்தி வந்தது. அமெரிக்காவில் இருந்த மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலால் இறந்துவிட்டாள். வயது 24. முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்தத் துக்கத்திலும் பயண நூலை எழுதி முடித்தார். 1897-ல் அது வெளிவந்தது. 1898-ல் கடன் முழுவதும் தீர்ந்தது. பாக்கி என்று சொல்ல ஒருவரும் இல்லை. அமெரிக்காவே அவரைப் பாராட்டியது.

கடைசிக் குளிர்காலம்

1904-ல் மனைவி மறைந்தார். 1909-ல் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. புகையால் இதயம் கெட்டிருக்கிறது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இளைய மகள் ஜீனும் இறந்தாள்.

வெறிச்சோடிய வீட்டில் இருக்கப் பிடிக்காமல், குளிருக்குத் தப்பி பெர்முடா தீவுக்குப் போனார். மோட்டார் கார் இல்லாத அமைதியான தீவு அது. வெயில், கடற்காற்று, நண்பர்கள், புகை என்று நாட்கள் கழிந்தன. ஆனால் நெஞ்சுவலி விடவில்லை. ஏப்ரலில் ஊருக்குக் கொண்டுவரப்பட்டார். 1910 ஏப்ரல் 21-ந் தேதி 74-வது வயதில் காலமானார். அவர் பிறந்தபோது வானில் தோன்றிய ஹாலி வால்மீன், அப்போது மீண்டும் வந்திருந்தது.

சுருட்டானாலும் சுங்கானானாலும் புகையிலை புற்றுநோயும் இதயநோயும் தரும் என்பது இன்று தெளிவாகத் தெரிந்த உண்மை. 60 வயதில் கடல் கடந்து உழைத்துக் கடன் தீர்த்த நாணயம், எல்லோரும் மார்க் ட்வைனிடம் கற்க வேண்டிய பாடம். அவரிடம் கற்கக்கூடாத பாடம், அவர் கையில் இருந்த சுங்கான்.