ஆர்தர் ஆஷுக்கு ஏற்றிய ரத்தம்

நம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, என்.எஸ்.எஸ். முகாமில் முதன்முதலாக ரத்தம் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் வாழ்க்கையைப் படித்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1943-ல் பிறந்தவர் ஆஷ். ஆறு வயதில் தாயை இழந்தார். அப்பா, கறுப்பர்களுக்கான விளையாட்டு மைதானத்தைப் பராமரிப்பவர். வெள்ளையர் கோர்ட்டுகளில் கால் வைக்க முடியாத அந்தப் பையன்தான் 1968-ல் அமெரிக்க ஓப்பனையும், 1975-ல் ஜிம்மி கானர்ஸைத் தோற்கடித்து விம்பிள்டனையும் வென்றார். ஆண்கள் ஒற்றையரில் விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பர் அவரே.

1979-ல் மாரடைப்பு, பைபாஸ் ஆபரேஷன். 1983-ல் மறுபடியும் ஆபரேஷன். அப்போது ஏற்றிய ரத்தத்தின் மூலமே எச்.ஐ.வி. வந்தது என்று நம்பப்படுகிறது. தான ரத்தத்தில் அந்தக் கிருமியைக் கண்டறியும் சோதனைக்கு அங்கே அனுமதி கிடைத்ததோ 1985 மார்ச்சில். இரண்டே வருஷ வித்தியாசம்!

1988-ல் வலது கை செயலிழந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பத்திரிகைக்குச் செய்தி கசிந்ததால், 1992 ஏப்ரலில் தானே ஊரறியச் சொன்னார். முடங்கிவிடவில்லை. எய்ட்ஸை ஒழிக்க அறக்கட்டளை தொடங்கினார். 1993 பிப்ரவரி 6-ல், 49 வயதில் மறைந்தார்.

நம் நாட்டில் 1989-ல் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. இன்று எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் தான ரத்தம் சோதிக்கப்படுகிறது. ஆனா, கிருமி புகுந்த ஆரம்ப நாட்களில் சோதனைக்கு அது அகப்படாமல் போகலாம். என்ஜினீயர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: அளவு ரொம்பக் குறைவாக இருந்தால் மீட்டர் முள் அசையாது. அந்த ஓட்டையை அடைக்க, படிவத்தில் நாம் எழுதும் உண்மையான பதிலும் வேண்டும்.

இப்ப காரணத்துக்கு வருகிறேன். அந்த முகாமுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் எனக்கு மலேரியா வந்து போயிருந்தது. படிவத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன். சர்டிபிகேட் ஆசை, பசங்க எல்லாம் கொடுக்கிறாங்களே என்ற வீம்பு. அந்தப் பை சோதனையில் நின்றதா, யாருக்காவது போனதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பி, தங்கைகளே! தைரியமாக ரத்தம் கொடுங்கள். கொடுக்கக் கூடாத நாளில் கூச்சப்படாமல் சொல்லிவிட்டுத் திரும்புங்கள், அதுவும் தானம்தான். அடுத்த முகாமுக்கு நானும் வருகிறேன். இந்த முறை படிவத்தை ஒழுங்காக நிரப்புவேன்.