ஜெனரல் குமாரமங்கலத்தின் சீருடை

டிசம்பர் 2ஆம் தேதி அமீரகத்தின் தேசிய நாள். அன்னைக்கு டிவியிலோ நேரிலோ சீருடை போட்ட ராணுவ வீரர்களைப் பார்த்திருக்கீங்களா? தோளில் நட்சத்திரம் இருக்கும். நெஞ்சில் சின்னச் சின்ன வண்ண நாடாக்கள் இருக்கும். இதெல்லாம் அழகுக்காகக் குத்தினது இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு சீருடையைப் புத்தகம் போலப் படித்துவிடுவார்கள்.

வாங்க, இன்னைக்கு நாமும் ஒரு சீருடையைப் படிக்கலாம். அதைப் போட்டவர் ஒரு தமிழர். அவர் பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

தோளில் என்ன இருக்கு?

அவருடைய தோளில் மூன்று சின்னங்கள் இருந்தன. மேலே அசோகச் சிங்கம். அதன் கீழே ஒரு நட்சத்திரம். அதற்கும் கீழே, குறுக்கும் நெடுக்குமாக ஒரு வாளும் ஒரு கோலும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அவர் ஜெனரல். இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி அணியும் சின்னம் இது.

ஆனா, முதல் நாளே யாரும் ஜெனரல் ஆகிவிட முடியாது, இல்லையா?

குமாரமங்கலம் 1913ஆம் ஆண்டு பிறந்தார். திருச்செங்கோடு பக்கத்தில் இருக்கும் குமாரமங்கலம்தான் அவர்களுடைய குடும்பத்தின் ஊர். அப்பா சுப்பராயன், சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர். அம்மா ராதாபாய், 1930இல் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். மகன் இங்கிலாந்தில் படித்தார். வூல்விச் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1933இல் அதிகாரி ஆனார். அப்போது தோளில் ஒரே ஒரு நட்சத்திரம்தான்.

அவர் சேர்ந்தது பீரங்கிப் படை. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார்கள். அந்தப் பயத்தால், பிறகு பல ஆண்டுகள் ஆங்கிலேயர்கள் பெரிய பீரங்கிகளை இந்தியர்கள் கையில் கொடுக்கவே இல்லை. மலையில் பயன்படுத்தும் சிறிய பீரங்கிகளை மட்டுமே கொடுத்தார்கள். 1935இல்தான் பெங்களூரில் இந்தியர்களுக்கான முதல் களப் பீரங்கிப் படை உருவானது. அதில் சேர்ந்த முதல் இந்திய அதிகாரிகளில் குமாரமங்கலமும் ஒருவர்.

நெஞ்சில் என்ன இருக்கு?

நெஞ்சில் இருந்த நாடாக்களில் ஒன்று சிவப்பு நிறம். அதன் இரண்டு ஓரத்திலும் நீலக் கோடு. அது டி.எஸ்.ஓ. என்ற வீர விருதின் நாடா. அதை அவர் எங்கே வாங்கினார் தெரியுமா? பாலைவனத்தில்!

இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். 1942ஆம் ஆண்டு மே மாதம். இடம், லிபியாவில் பிர் ஹக்கீம் பக்கம். பாலைவனத்தில் மே மாத வெயில் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லவா வேணும்? அங்கே நம்ம லிவா போல உயரமான மணல்மேடுகள் இல்லை. கல்லும் மண்ணுமாகத் தட்டையான நிலம். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது. மே 27ஆம் தேதி காலையில் எதிரியின் டாங்கிகள் வரிசையாக வந்தன. இந்திய வீரர்களிடம் டாங்கிகள் இல்லை. பீரங்கிகள்தான் இருந்தன.

மற்ற படைகளுக்குக் கொடி உண்டு. பீரங்கிப் படைக்கோ பீரங்கிதான் கொடி. அதை விட்டு ஓடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வீரர்கள் டாங்கிகள் மிக அருகில் வரும்வரை நின்று சுட்டார்கள். பல டாங்கிகள் எரிந்தன. ஆனாலும் வந்த டாங்கிகள் மிக அதிகம். கடைசியில் அந்த இடம் எதிரியின் கைக்குப் போனது. லிபியாவில் காட்டிய வீரத்துக்காகக் குமாரமங்கலத்துக்கு அந்த விருது கிடைத்தது.

சீருடையில் இல்லாதது என்ன?

அவர் வாழ்க்கையில் நடந்த சில விஷயங்களுக்கு நாடாவே கிடையாது.

அதே 1942இல் எதிரிகள் அவரைப் பிடித்தார்கள். இத்தாலியில் ஒரு முகாமில் போர்க்கைதியாக இருந்தார். அங்கிருந்து தப்பினார். ஆனால் மறுபடியும் பிடிபட்டார். இந்த முறை ஜெர்மனியில் காவல் அதிகமான ஒரு முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்த பிறகுதான் விடுதலை.

அந்த நாட்களில் அவருடைய தம்பி மோகனும் சிறைக்குப் போனார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்ததற்காக! அண்ணன் ஆங்கிலேயரின் ராணுவத்தில் இருந்து எதிரியின் முகாமுக்குப் போனார். தம்பி ஆங்கிலேயரை எதிர்த்துச் சென்னையில் சிறைக்குப் போனார். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆளுக்கு ஒரு வழி.

இன்னொரு விஷயம். இத்தாலி முகாமில் அவரோடு இருந்த இந்திய அதிகாரிகளில் யாஹ்யா கான் என்பவரும் ஒருவர். இரண்டு பேரும் அப்போது ஒரே ராணுவம். ஒரே கம்பிவேலிக்குள் இருந்தார்கள். 1947இல் நாடு இரண்டானது. ராணுவமும் இரண்டானது. யாஹ்யா கான் பாகிஸ்தான் பக்கம் போனார்.

இந்தியா குடியரசான பிறகு, ராணுவச் சீருடையில் இருந்த ஆங்கில மன்னரின் கிரீடம் போய்விட்டது. அந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. குமாரமங்கலம் படிப்படியாக உயர்ந்தார். 1966 ஜூன் மாதம் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர்தான். அதே ஆண்டு செப்டம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைவரானவர் யார் தெரியுமா? அதே யாஹ்யா கான்!

நீங்க பூங்காவில் பாகிஸ்தான் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடி இருப்பீங்க. அந்த இரண்டு தளபதிகளும் ஒரு காலத்தில் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள்தான்.

1967இல் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயில் சீனப் படையோடு மோதல் நடந்தது. அப்போதும் இவர்தான் தலைமைத் தளபதி. 1969இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் காலமானார்.

இனிமேல் ஒரு சீருடையைப் பார்த்தால் முதலில் தோளைப் பாருங்க, அப்புறம் நெஞ்சைப் பாருங்க. பிறகு, அதில் இல்லாதது என்னவா இருக்கும்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

சொல் அறிவோம்

சீருடை – ஒரு படையில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அணியும் உடை
நாடா – துணியால் ஆன ஒடுக்கமான பட்டை
போர்க்கைதி – போரில் எதிரியிடம் பிடிபட்டவர்
கணவாய் – மலைகளுக்கு நடுவே உள்ள வழி

பேசிப் பார்ப்போம்

1. ஜெனரலின் தோளில் இருக்கும் மூன்று சின்னங்கள் எவை?
2. பிர் ஹக்கீம் நிலமும் நீங்கள் பார்த்த பாலைவனமும் எப்படி வேறுபடுகின்றன?
3. அண்ணனும் தம்பியும் வேறு வேறு வழியில் போனார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்தது உண்டா? அம்மா அப்பாவிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.